கத்துகிற டயர்

முருகலட்சுமிக்கு யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கும் பழக்கம் கிடையாது. வண்டி வந்து நின்றால் முதலில் டயரைத்தான் பார்ப்பாள். குனிந்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, டயரின் பக்கவாட்டில் படிந்திருக்கும் புழுதியைத் தேய்ப்பாள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் தெளிவாகத் தெரியும்வரை தேய்ப்பாள். பிறகு ரப்பரில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்வாள். கடையில் மட்டுமல்ல, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற காரிலும், ஏறப்போகிற ஆட்டோவிலும் இதே வேலைதான். பத்து வருடமாக இப்படித்தான்.

ராமநாதபுரம் கேணிக்கரையில் தாஹா பாயின் டயர் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

“என்னம்மா, டயருக்குச் சாதகம் பாக்குறியா?”

“பொறந்த நாள் பாக்குறேண்ணே” என்பாள் தரையைப் பார்த்தபடி.

அது விளையாட்டுப் பேச்சில்லை. அந்த நான்கு எண்களில் முதல் இரண்டு எத்தனையாவது வாரம் என்பதையும், அடுத்த இரண்டு எந்த வருடம் என்பதையும் சொல்லும். கறுப்புப் பாலீஷ் தடவி எந்தக் கிழட்டு டயரையும் மாப்பிள்ளை ஆக்கிவிடலாம். ஆனால் அந்த எண்களை யாரும் மாற்ற முடியாது.

இதை அவள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருப்புல்லாணிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்து, தங்கச்சிகளைப் பார்க்க வீட்டில் ஆளில்லை என்று எட்டாம் வகுப்போடு நின்றவள். பத்தொன்பது வயதில் உத்தரகோசமங்கைக்குப் பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டாள். புருஷன் சின்னக்கருப்பன் டிரைவர். நிலபுலன் நிறைய உள்ள அந்த ஊர்ப் பெரிய சம்சாரி பாண்டித்துரையிடம் நான்கு லோடு வேன்கள் இருந்தன. அதில் ஒன்றில் மண்டபத்திலிருந்து மதுரைக்கு ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிப்போவது சின்னக்கருப்பனின் வேலை.

சின்னக்கருப்பன் குடிக்கமாட்டான். குலசாமிக்குப் பயந்தோ, பொண்டாட்டிக்குப் பயந்தோ இல்லை. வாடையே அவனுக்கு ஆகாது. பக்கத்தில் ஒருவன் குடித்துவிட்டு உட்கார்ந்தால் பேருந்தில்கூட எழுந்து வேறு இடம் போய்விடுவான்.

2014ஆம் வருடம், ஆனி மாதம், பகல் பதினோரு மணி. உச்சிப்புளி தாண்டி வரும்போது வேனின் வலது முன்டயர் வெடித்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்குள் இரண்டு புரட்டு புரண்டு கிடந்தது. சின்னக்கருப்பனின் இடது முட்டி நொறுங்கிப்போனது. அதற்கு முன்பு மூன்று முறை அவன் பாண்டித்துரையிடம் சொல்லியிருந்தான். “அய்யா, முன் டயரு காஞ்சு வெடிப்பு விட்ருக்கு. மாத்திருவோம்யா.” பாண்டித்துரை டயரை மாற்றவில்லை. பாலீஷ் வாங்கித் தடவச் சொன்னார். “இப்ப பாரு, புதுசு தோத்துச்சு. ஓட்டுறா” என்றார்.

வண்டி கவிழ்ந்ததும் பாண்டித்துரை முந்திக்கொண்டார். “பய குடிச்சிட்டு ஓட்டியிருக்கான். புத்தம்புது டயரு போட்ட வண்டி” என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். ஊர் பஸ் நிறுத்தத்து டீக்கடையிலும் அதையே சொன்னார். அவரிடம் வேலை பார்த்த இரண்டு பேர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்க வேண்டும் என்பது இவர்கள் பக்கம் யாருக்கும் தோன்றவில்லை. சின்னக்கருப்பன் கட்டிலில் மயங்கிக் கிடந்தான். முருகலட்சுமிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழக்கூடக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவள் தனியாகப் பஸ் ஏறி, வண்டி கவிழ்ந்த இடத்துக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. முள்ளுக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டயர்த் துண்டு கிடந்தது. அதில் 1906 என்று இருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

முட்டி ஒருவழியாகக் கூடியது. பெயர் கூடவில்லை. ‘குடிச்சிட்டு வண்டியக் கவுத்தவன்’ கையில் யார் சாவி கொடுப்பார்கள்? சின்னக்கருப்பன் ஒரு பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான். தினமும் காலையில் எட்டு வேன்களுக்குக் கேட்டைத் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு வேன் உள்ளே போகும்போதும் அவன் வலதுகால் தானாக, இல்லாத பிரேக்கை மிதிப்பதை முருகலட்சுமி ஒருநாள் சோறு கொண்டு போனபோது பார்த்தாள். அன்று முதல் அவளுக்குள் ஒன்று உட்கார்ந்துகொண்டது.

அவள் தாஹா பாய் கடைக்குப் பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். வந்த இரண்டாவது மாதம், பாய் ஒரு வாடிக்கைக்காரருக்கு அந்த நான்கு எண்களை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். பத்தொன்பதாவது வாரம், இரண்டாயிரத்து ஆறு. எட்டு வருடத்துக் கிழட்டு டயர். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துப் பார்த்தாள். அதை யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் “இது எந்த வண்டி டயரோ” என்று பாண்டித்துரை ஒரே பேச்சில் தள்ளிவிடுவார். துண்டு சாட்சி சொன்னால் போதாது. அவர் வாய் சொல்ல வேண்டும். நாலு பேர் கேட்க, குடிக்காத வாயால், தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அவள் காத்திருந்தாள். விளக்குமாற்றை வைத்துவிட்டு டயர் அடுக்கக் கற்றாள், காற்றுப் பிடிக்கக் கற்றாள், ரிம்மில் டயர் ஏற்றவும் பேலன்ஸ் பார்க்கவும் கற்றாள். பாண்டித்துரையும் நாலைந்து முறை டிராக்டர் டயருக்கு வந்துபோனார். அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. வேலைக்காரப் பொம்பளை முகத்தை அவரும் பார்ப்பதில்லை. அவர் பேச்சை மட்டும் அவள் உன்னிப்பாகக் கேட்டாள். எதிலும் தன்மேல் தப்பில்லை என்று காட்ட அவர் எவ்வளவு தூரமும் போவார் என்பது அவளுக்குப் புரிந்தது. நெல் சாய்ந்தால் விதைக்காரன், மோட்டார் எரிந்தால் மின்சாரக்காரன்.

இரண்டு வருடத்துக்கு முன் கீழக்கரை காஜா நவாஸ் தேவிபட்டினம் போகிற வழியில், மூடிப்போன இறால் பண்ணை ஒன்றை எடுத்து, வளைந்து வளைந்து போகிற மாதிரி தார் ரோடு போட்டார். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கார்ப் பந்தயம் ஓட்டியவர். வேகமாக, ஆனால் முறையாக ஓட்டப் பழக நினைக்கிறவர்களுக்குச் சனி ஞாயிறுகளில் சொல்லிக்கொடுத்தார். காரைக்குடி, மதுரையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். டயர் எல்லாம் தாஹா பாய் கடையில்தான். சனிக்கிழமைகளில் முருகலட்சுமி காற்றளவு பார்க்கும் கருவியோடு அங்கே போவாள். ஓடுவதற்கு முன் ஒரு தடவை, ஓடிச் சூடாகி வந்ததும் ஒரு தடவை ஒவ்வொரு டயருக்கும் அளவெடுத்து அட்டையில் எழுதுவாள்.

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் கேட்பார்கள். பந்தயக்காரர்கள் போடுகிற, ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற மெத்தென்ற டயர் வேண்டும். காஜா நவாஸ் விடமாட்டார்.

“பழகுறவுகளுக்கு அது எதிரி” என்பார். “சாதா டயர் முதல்ல முனகும். கேக்கலையா, கத்தும். அதுக்கும் கேக்கலையா, மெதுவா வழுக்கும். மூணு தடவ சொல்லிட்டுத்தான் கைய விடும், அதுவும் கொறஞ்ச வேகத்துல. அந்த மெத்து டயரு அப்படியில்ல. நீங்க பண்ணுற தப்பையெல்லாம் மூடி மறைச்சு, நம்மளும் பெரிய ஓட்டக்காரன்னு நெனைக்க வச்சு, வேகத்த ஏத்திவிட்டு, கடைசியில சத்தமில்லாம ஒரே நொடியில வுட்டுரும். மொதல்ல புது சாதா டயர் போடுங்க, நாள் பாத்து வாங்குங்க, கத்த வுடுங்க. அது கத்தாம ஓட்டப் பழகினப்புறம் வேற பேசுவோம்.”

முருகலட்சுமி இதை நூறு தடவை கேட்டிருப்பாள். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு, அப்படிச் சத்தமில்லாமல் கைவிட்ட ஆட்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

போன ஆனியில் பாண்டித்துரை கடைக்கு வந்தார். இப்போது அவருக்கு ரியல் எஸ்டேட். சிவப்பில் பெரிய கார் ஒன்று, கியர் மாற்ற வேண்டாத வண்டி. மதுரையில் சகலை மகன் இந்த மாதிரி ஓட்டப் பழகுகிறானாம். இவருக்குப் பொறுக்கவில்லை.

“பாய், முப்பது வருச ஸ்டீயரிங் நான். எனக்கு என்ன பழக்கம் வேண்டிக்கெடக்கு. சும்மா ஒரு இதுக்குச் சேந்திருக்கேன். இருக்குறதுலயே ஒசத்தியாப் போடுங்க.”

அவர் கண் மூலையில் இருந்த நான்கு டயர்களில் விழுந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கழற்றிப்போட்ட மெத்து டயர்கள், அதே அளவு. ரோட்டில் படுகிற கட்டைகள், கடைப் பேச்சில் பட்டன், தேயாமல் நிறைய இருந்தது. கறுகறுவென்று மின்னியது.

“இது பந்தய டயருல்ல? இதையே ஏத்து.”

முருகலட்சுமி குனிந்து எண்ணைத் தேய்த்தாள். ஆறு வருடம். நகம் இறங்கவில்லை. மெத்தென்று இருக்க வேண்டிய ரப்பர் கொட்டாங்குச்சி மாதிரி இறுகியிருந்தது. தாஹா பாய் தொழுகைக்குப் போகிற அவசரத்தில், “சொல்லி அனுப்புறேன், சாயந்திரம் வண்டிய வுடுங்க” என்று அவரை அனுப்பிவைத்தார்.

அன்று மதியம் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு முருகலட்சுமி அந்த நான்கு டயர்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரே கேட்கிறார். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு ஏற்றிவிட்டால் போதும். மூன்றாம் வளைவு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வெளிப்பக்கம் பழைய இறால் குட்டையின் கரை. இந்த டயர் கத்தாது, முனகாது. அவருடைய வேகத்துக்கு ஒரே இழுப்பில் கரையில் கொண்டுபோய் வைக்கும். கரையேறிப் புரளும். எத்தனை புரட்டு என்றுகூட அவள் மனம் எண்ணிப் பார்த்தது. இரண்டு. சின்னக்கருப்பனுக்கு விழுந்த அதே இரண்டு.

சோறு இறங்கியது. நன்றாகவே இறங்கியது. ஆனால் கையைக் கழுவும்போது அவளுக்கு வேறொன்று உறைத்தது. புரண்டு கிடந்தால் ஊர் பாவம் பார்க்கும். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும். செத்தாலோ, இன்னும் மோசம். அவர் வாயிலிருந்து வர வேண்டியது வராமலே போய்விடும். பதினோரு வருடம் அவள் காத்திருந்தது அதற்காக இல்லை. அவர் முழுசாக இருக்க வேண்டும். கைகால் நன்றாக, புத்தி தெளிவாக, நாலு பேர் நடுவில் நிற்க வேண்டும்.

பாய் வந்ததும் அவள் அந்த டயரின் வயதைச் சொன்னாள். தெரியாமல் விற்கப் பார்த்தோமே என்று பாய் காதைத் தொட்டுக்கொண்டார். காஜா நவாஸுக்குப் போன் போட்டுக் கொடுத்ததும் அவளேதான். காஜா நவாஸ் பாண்டித்துரையிடம் கறாராகச் சொல்லிவிட்டார். புது சாதா டயர் போட்டு வந்தால் உள்ளே, இல்லாவிட்டால் கேட்டோடு திரும்பலாம்.

சாயந்திரம் அவரே திட்டிக்கொண்டு வந்தார். “எங்க வீட்டுத் தயிர்க்காரன் வேனுக்குப் போடுற டயரு இது. ஏ பிள்ள, சீக்கிரம் மாட்டு.”

முருகலட்சுமி மாட்டினாள். எண் 2225. பிறந்து ஒரு மாதம். அவள் வாழ்க்கையில் எந்த வண்டிக்கும் அவ்வளவு அக்கறையாக டயர் போட்டதில்லை. வால்வு, பேலன்ஸ், அலைன்மென்ட், காற்று, எல்லாம் இம்மி பிசகாமல் பார்த்தாள். ஒரு குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை காற்று பேயாய் அடித்தது. ஒன்பது பேர் பழக வந்திருந்தார்கள். கேட்டில் எல்லோரும் ஊதும் கருவியில் ஊத வேண்டும். குடித்தவர் யாரும் வண்டியைத் தொட முடியாது. பாண்டித்துரையும் ஊதினார். பூஜ்யம். முருகலட்சுமி அவருடைய அட்டையில் அதை எழுதினாள். பூஜ்யத்தை இரண்டு தடவை அழுத்தி வரைந்தாள்.

“மொத ரெண்டு சுத்து மெதுவா போங்க சார். டயரு சத்தம் கேட்டா வேகத்தக் கொறைங்க. வளைவுக்குள்ள பிரேக்க மிதிக்காதீக” என்றார் காஜா நவாஸ்.

“எனக்கேவா?” என்று பாண்டித்துரை கண்ணாடியை ஏற்றினார். வழுக்கினால் வண்டி தானே திருத்திக்கொள்ளும் வசதி ஒன்று அதில் உண்டு. அது பொம்பளைகளுக்கு என்று சொல்லி அதையும் அணைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

முதல் வளைவில் டயர் முனகியது. இரண்டாவதில் கத்தியது. கன்றுக்குட்டியின் கழுத்தை நெரித்தாற்போல இறால் பண்ணை முழுக்கக் கேட்டது. தங்கச்சிமடத்திலிருந்து பழக வந்த ஹெலன், நர்சு வேலை பார்க்கிற பெண், சிரிப்பை அடக்கமாட்டாமல் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாள். “அண்ணே, வண்டி அழுவுது” என்றாள். மூன்றாம் வளைவில் அவர் உள்ளே போன வேகத்தைப் பார்த்துப் பயந்து, நடுவில் பிரேக்கை மிதித்தார். வண்டியின் பின்பக்கம் மெதுவாக, எல்லோரும் நிதானமாகப் பார்க்கும்படி சுற்றியது. ஒன்றரைச் சுற்று. வந்த திசையைப் பார்த்தபடி புல்லில் போய் நின்றது. கரைக்கு இன்னும் இருபதடி இருந்தது. ஒரு கீறல் இல்லை.

அவர் இறங்கி வந்தபோது முகம் மிளகாய்ப்பழமாக இருந்தது. மற்ற எட்டுப் பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

“என்ன டயரு இது? எந்தக் காலத்துச் சரக்க என் தலையில கட்டியிருக்கீக?”

“புதுசு சார், ஒரு மாசம்தான் ஆச்சு” என்றார் காஜா நவாஸ்.

“ஓட்டுறவன் தப்புங்குறீகளா? நான் ஊதிக் காட்டிட்டுத்தானய்யா ஏறுனேன்.”

முருகலட்சுமி காற்றளவுக் கருவியைப் பிடித்தபடி முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தாள். தரையைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். “நல்லா ஓட்டுறவுகன்னா எந்த டயரா இருந்தாலும் புடிச்சிருவாகளாம்யா. பேசிக்கிறாக.”

அது போதுமாக இருந்தது.

“எவன் சொன்னான்? டயரு சரியில்லன்னா எவனாலயும் புடிக்க முடியாது. எனக்குத் தெரியும். என் லோடு வண்டி ஒண்ணு உச்சிப்புளிக்கிட்ட முன் டயரு வெடிச்சுக் கவுந்துச்சு. பழைய டயரு. ஓட்டுனவன் என்கிட்ட இருந்ததுலயே நம்பர் ஒன்னு டிரைவரு. ஒரு சொட்டுத் தொடமாட்டான். அவனாலயே புடிக்க முடியலங்குறேன். டயரு தப்புக்கு ஓட்டுறவன் என்ன செய்வான்?”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. முருகலட்சுமி எழுந்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“அந்த டிரைவரு பேரு என்னய்யா?”

பாண்டித்துரை சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“சின்னக்கருப்பன். நான் அவுக சம்சாரம்.” காலையில் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த அந்தத் துண்டைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் காஜா நவாஸ் கையில் கொடுத்தாள். “இத வாசிச்சுச் சொல்லுங்கண்ணே. இவுக ஸ்டேசன்ல புத்தம்புது டயரு, டிரைவரு குடிச்சிருந்தான்னு எழுதிக் குடுத்தாக.”

காஜா நவாஸ் விரலால் தடவிப் பார்த்தார். “ரெண்டாயிரத்து ஆறு” என்றார்.

“ஏ பிள்ள, அது பழைய கதை. இப்ப எதுக்கு அது” என்றார் பாண்டித்துரை.

“புதுக் கதையும் இருக்கு சார்” என்று காஜா நவாஸ் கையை நீட்டிச் சாவியை வாங்கினார். அதே சிவப்புக் கார், அதே டயர். இரண்டு சுற்று ஓட்டினார். மூன்றாம் வளைவில் லேசான முனகல் மட்டும் கேட்டது. இறங்கி வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தார். “அன்னைக்கு டயரு தப்பு. இன்னைக்கு டயருமேல ஒரு தப்பும் இல்ல சார்.”

ஹெலன் அப்போதுதான் போனைத் தாழ்த்தினாள். “அக்கா, எல்லாம் பதிஞ்சிருக்கு. உங்க நம்பரைச் சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னக்கருப்பன் அந்தப் படத்தைப் பார்த்தான். ‘ஒரு சொட்டுத் தொடமாட்டான்’ என்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். முருகலட்சுமி அவன் அழுவான் என்று நினைத்தாள்.

“வளைவுக்குள்ள பிரேக்க மிதிச்சிருக்கான் பாரு, முட்டாப்பய” என்றான் அவன். பிறகு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

படம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அனுப்பியது முருகலட்சுமிதான். மறுவாரம் பாண்டித்துரையின் ஆள் ஒருவர் கடைக்கு வந்து, அதை அழித்துவிடச் சொல்லி நயமாகக் கேட்டார்.

“அவுக பஸ் நிறுத்தத்து டீக்கடையில நின்னு எங்க வீட்டுக்காரவுகளப் பத்திச் சொன்னாக. அதே எடத்துல நின்னு இதையும் சொல்லச் சொல்லுங்க. அன்னைக்கே அழிச்சிருறேன்.”

“பெரிய மனுசரு, எப்படிம்மா வருவாரு?”

“அப்ப இருக்கட்டும்” என்றாள்.

அவர் இன்றுவரை வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சிவப்புக் கார் உறை போட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஊர்ப் பிள்ளைகள் அவர் புல்லட்டில் போனால்கூட முதுகுக்குப் பின்னால் டயர் கத்துகிற மாதிரி கத்துகிறார்கள். அதைக் கேட்கவே முருகலட்சுமி இரண்டு தடவை வேலையில்லாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள். ஸ்டேஷன் காகிதத்தில் எழுதியது எழுதியபடிதான் இருக்கிறது. அதை மாற்ற முடியுமா என்று கேட்க ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள். 1906 என்ற துண்டு கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. சின்னக்கருப்பன் வாரத்துக்கு மூன்று நாள் தாஹா பாயின் வேனில் மதுரையிலிருந்து டயர் ஏற்றி வருகிறான். இடது முட்டி முழுசாக மடங்காததால் கிளட்சை மிதிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. அந்த வேனின் டயருக்கு ஏழு மாதம் ஆகிறது.